வில்லியம் ஹெர்ஷல்: கண்ணுக்குப் புலப்படாத ஒளியைக் கண்டறிந்தவர்

உங்கள் காலில் உள்ள சிரைகளைப் பார்ப்பதற்கு அண்மை அகச்சிவப்புக் கேமரா பயன்படுத்தப்படலாம். அக்கருவிக்கு அடிப்படையான கதிர்களை முதன்முதலில் கண்டறிந்தவர் மருத்துவர் அல்லர். இசைக்கலைஞராக இருந்து வானியல் அறிஞரான வில்லியம் ஹெர்ஷல் ஆவார்.

ஹெர்ஷல் 1738-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தார். தந்தையைப் போலவே இராணுவ இசைக்குழுவில் பணியாற்றிய அவர், 1757-இல் இங்கிலாந்தில் குடியேறினார். பாத் நகரில் தேவாலய ஆர்கன் இசைக்கலைஞராக இருந்துகொண்டே, தங்கை கரோலினின் துணையுடன் தொலைநோக்கிகளைத் தாமே உருவாக்கினார். 1781-இல் யுரேனஸ் கோளைக் கண்டறிந்து பெரும்புகழ் பெற்றார்.

1800-ஆம் ஆண்டில், சூரியனை வண்ணக் கண்ணாடிகள் வழியே நோக்கியபோது, வண்ணத்திற்கேற்ப வெப்பம் வேறுபடுவதை உணர்ந்தார். முப்பட்டகத்தால் ஒளியைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து அளந்தார். சிவப்பு நிறத்திற்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்தில் வெப்பம் இன்னும் உயர்ந்தது. அங்கு விழுந்த கதிர்களே பின்னாளில் அகச்சிவப்புக் கதிர்கள் எனப் பெயர் பெற்றன. ஹெர்ஷல் 1822-இல் காலமானார்.

இக்கதிர்களுள் கண்ணுக்குத் தெரியும் ஒளியை அடுத்துள்ள பகுதி அண்மை அகச்சிவப்பு ஆகும். அது தோலினுள் சில மில்லிமீட்டர் ஆழம் வரை செல்லும். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அதனைச் சுற்றுத்திசுக்களைவிட மிகுதியாக உறிஞ்சுவதால், சிரைகள் திரையில் கருங்கோடுகளாகத் தோன்றும். சிரையை விரலால் அழுத்தி விடுவிக்கும்போது இரத்தம் மீண்டும் நிரம்புவதையும் காணலாம். இப்பரிசோதனையில் வலியோ எக்ஸ்ரே கதிர்வீச்சோ இல்லை.

ஆயினும், தோலுக்கு அருகிலுள்ள சிரைகளை மட்டுமே இது காட்டும் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். தசைகளுக்கிடையே அமைந்த ஆழ்சிரைகளில் இரத்தம் உறைந்திருப்பின் இக்கேமராவுக்குப் புலப்படாது. அதனை அறிய டாப்ளர் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை தேவை. சிரை வால்வுகளின் செயல்பாட்டை மதிப்பிடுவதற்கும் அதுவே முதன்மையான பரிசோதனை ஆகும்.

எனவே, கேமராப் படம் இயல்பாக உள்ளது என்பதற்காகக் கால் வீக்கத்தைப் புறக்கணிக்காதீர்கள். ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கம், வலி, வெதுவெதுப்பு, நிறமாற்றம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே மருத்துவரை அணுகுங்கள். அதனுடன் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டால், சற்றும் தாமதியாமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.