ஷூட்டிங் தொடங்கியது, ஹீரோ வரவில்லை: 'என்டர் தி டிராகன்' படப்பிடிப்பில் புரூஸ் லீ பட்ட பாடு

1973-ன் தொடக்கம். ஹாங்காங். அமெரிக்காவிலிருந்து இயக்குநர் வந்தாச்சு, கேமராமேன் வந்தாச்சு, கூட நடிக்கிறவர்களும் ஓட்டலில் வந்து இறங்கியாச்சு. ஷூட்டிங்கும் தொடங்கிவிட்டது. ஹீரோ மட்டும் வரவில்லை.

அந்த ஹீரோ புரூஸ் லீ. வயது 32. ஹாலிவுட்டின் வார்னர் பிரதர்ஸும், அவர் பங்குதாரராக இருந்த கான்கார்ட் நிறுவனமும் சேர்ந்து எடுத்த படம் அது. ஒரு ஹாலிவுட் படத்தில் நாயகன் வேடத்துக்காகப் பல வருடம் காத்திருந்தவர் அவர். வாய்ப்பு வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும்போது ஏன் வெளியே வரல?

இயக்குநர் ராபர்ட் கிளவுஸ் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஹாங்காங் தெருக்கள், துறைமுகம், படகுகள், மற்ற நடிகர்களின் காட்சிகள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் கணவர், அந்தப் பக்கம் தயாரிப்பாளர்கள். நடுவில் நின்று பேசிப் பேசிச் சமாதானம் செய்தவர் லீயின் மனைவி லிண்டா.

கடைசியில் லீ செட்டுக்கு வந்தார். எதிரே சண்டைக்காரர் யாரும் இல்லை, சாதாரண வசனக் காட்சிதான். ஆனால் கேமரா ஓட ஆரம்பித்ததும் அவர் முகத் தசை தானாகத் துடித்தது. டேக் மேல் டேக் போனது. சின்ன வயதிலிருந்தே கேமரா பார்த்த மனிதருக்கு நடுக்கம்!

ஒரு படத்துக்கு ஏன் இவ்வளவு டென்ஷன்?

லீ பிறந்தது 1940-ல், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில். அப்பா கான்டனீஸ் இசை நாடகக் கலைஞர். நாடகக் குழுவோடு அங்கே போயிருந்த நேரத்தில் பிறந்த குழந்தை. வளர்ந்ததெல்லாம் ஹாங்காங். சின்ன வயதிலேயே அங்கே குழந்தை நட்சத்திரம். 18 வயதில் அமெரிக்கா திரும்பி, சியாட்டிலில் படித்தார், குங்ஃபூ கற்றுக்கொடுத்தார், லிண்டாவைக் கல்யாணம் செய்தார்.

1966-ல் 'தி கிரீன் ஹார்னெட்' என்ற டிவி தொடரில் கேட்டோ என்ற வேடம் கிடைத்தது. ஹீரோவின் கார் ஓட்டுநர். முகத்தில் முகமூடி, வாயில் வசனம் ரொம்பக் கம்மி. அடிதடி மட்டும் இவருடையது. வேடிக்கை என்னவென்றால், அதே தொடர் ஹாங்காங்கில் ஓடியபோது மக்கள் அதைக் கேட்டோ ஷோ என்றே கூப்பிட்டார்கள். அமெரிக்காவில் ஒரே சீசனில் தொடர் நின்றுபோனது.

1970-ல் இன்னொரு அடி. சரியாக வார்ம்-அப் செய்யாமல், சுமார் 57 கிலோ எடையைத் தோளில் வைத்துக் குனிந்து நிமிர்ந்ததில் முதுகு நரம்பு பாதிக்கப்பட்டது. இனிமேல் உதைப்பது கஷ்டம் என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். மாதக்கணக்கில் படுக்கை. அந்த நேரத்தில் நோட்டு நோட்டாக எழுதித் தள்ளினார். பிறகு எழுந்து உதைக்கவும் செய்தார். முதுகுவலி மட்டும் கடைசிவரை கூடவே இருந்தது.

அடுத்து 'குங்ஃபூ' என்ற டிவி தொடர். ஷாவ்லின் துறவி ஒருவர் அமெரிக்காவில் அலையும் கதை. லீக்கென்றே தைத்த சட்டை மாதிரி இருந்த வேடம். அவர் பெயரும் பேசப்பட்டது. ஆனால் அவருடைய ஆங்கில உச்சரிப்பு எடுபடுமா, ஆசிய முகத்தை அமெரிக்க வீடுகள் ஹீரோவாக ஏற்குமா என்ற தயக்கத்தில் வேடம் டேவிட் கராடைன் என்ற வெள்ளைக்கார நடிகருக்குப் போனது. தொடரைத் தயாரித்தது யார் தெரியுமா? இதே வார்னர் பிரதர்ஸ்.

லீ ஹாங்காங் போனார். 1971-ல் 'தி பிக் பாஸ்', 1972-ல் 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி', அதே வருடம் அவரே எழுதி இயக்கிய 'வே ஆஃப் தி டிராகன்'. மூன்றும் வசூல் மழை. அடுத்து 'கேம் ஆஃப் டெத்' படத்தைத் தொடங்கி, சண்டைக் காட்சிகளைப் பாதி எடுத்திருந்தபோது வார்னரிடமிருந்து அழைப்பு. கையில் இருந்த படத்தை அப்படியே நிறுத்திவிட்டு இதற்கு வந்தார்.

இப்போது அந்தப் பிடிவாதம் கொஞ்சம் புரியும். இந்தப் படம் சொதப்பினால் ஹாலிவுட் இன்னொரு கதவைத் திறக்காது. அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

முதல் சண்டை, ஸ்கிரிப்ட்டோடு

தனித் தீவில் வில்லன், அங்கே ஒரு சண்டைப் போட்டி, உளவு பார்க்கப் போகும் ஹீரோ. ஜேம்ஸ் பாண்ட் வாசனை தூக்கலான கதை. போதாததற்கு ஹீரோக்கள் மூன்று பேர். லீயோடு வெள்ளை நடிகர் ஜான் சாக்ஸன், கறுப்பின கராத்தே வீரர் ஜிம் கெல்லி. சீன நடிகர் ஒருவரை மட்டும் நம்பி அமெரிக்கத் தியேட்டருக்குப் போக ஸ்டுடியோவுக்குத் தைரியம் வரவில்லை என்றுதான் இதை வாசிக்க முடிகிறது.

லீக்கு இந்த ஸ்கிரிப்ட் பிடிக்கவே இல்லை. சீனத் தத்துவமும் குங்ஃபூவின் உள்ளர்த்தமும் படத்தில் இருக்க வேண்டும், தன் பாத்திரம் வெறும் உதைக்கும் மெஷினாக இருக்கக் கூடாது என்று நின்றார். எழுத்தாளர் மைக்கேல் ஆலினோடு முட்டிக்கொண்டது. அவரை ஊருக்கு அனுப்பச் சொல்லிவிட்டார் லீ. தயாரிப்பாளர் ஃப்ரெட் வைன்ட்ராப் தலையாட்டிவிட்டு, ஆலினை ஹாங்காங்கிலேயே ஒளித்து வைத்திருந்ததாகவும், துறைமுகத்தைக் கடக்கும் ஸ்டார் ஃபெர்ரி படகில் லீயும் ஆலினும் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டதாகவும் படக்குழுவினர் பிற்காலத்தில் சொன்ன கதை ஒன்று உண்டு. அன்றைக்கு வைன்ட்ராப் பாடு திண்டாட்டம்தான்.

பட்ஜெட் சுமார் 8.5 லட்சம் டாலர். அதே 1973-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'லிவ் அண்ட் லெட் டை'க்கு ஆன செலவு சுமார் 70 லட்சம் டாலர். யானைப் பசிக்குச் சோளப்பொரி. அமெரிக்காவிலிருந்து வந்தது ஒரு சிறிய குழு. மீதி எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். ஒருத்தர் பேசுவது மற்றவருக்குப் புரியாமல் எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது. வில்லன் ஹான் வேடத்தில் நடித்த ஷி கியெனுக்கு அப்போது வயது 60. ஆங்கிலம் சரியாக வராது. படத்தில் நாம் கேட்பது கீ லூக் என்ற வேறொரு நடிகரின் குரல்.

நிஜக் கண்ணாடி, நிஜ ரத்தம்

பாப் வால் என்ற கராத்தே வீரர் படத்தில் ஓஹாரா என்ற அடியாள். பாட்டிலை உடைத்துக்கொண்டு லீ மீது பாயும் காட்சி. வழக்கமாக இதற்குச் சர்க்கரைப் பாகில் செய்த போலிக் கண்ணாடி பயன்படுத்துவார்கள். இங்கே அது இல்லை, நிஜ பாட்டில்தான். ஒத்திகையில் எல்லாம் சரியாகப் போனது. ஒரு டேக்கில் நேரம் தவறி, லீயின் கை கண்ணாடியில் போய் மோதியது. ரத்தம், தையல், சில நாள் ஓய்வு.

காயத்தை விடப் பெரிய தலைவலி அதற்குப் பிறகு வந்த வதந்தி. வால் வேண்டுமென்றே செய்தார், லீ பழிவாங்கப் போகிறார், ஆளைக் கொன்றே விடுவார் என்றெல்லாம் ஊரில் பேச்சு. ஸ்டன்ட் ஆட்கள் மத்தியில் லீயின் மானப் பிரச்சினையாகவே அது மாறிப்போனது. இருவரும் நண்பர்கள், வாலை 'வே ஆஃப் தி டிராகன்' படத்திலேயே நடிக்க வைத்தவர் லீதான். ஆனால் அதை வெளிப்படையாகச் சொன்னால் முகம் போகும். படத்துக்கு வால் இன்னும் தேவைப்படுகிறார், அதனால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி விஷயத்தை நாசூக்காக முடித்தார். காட்சியைத் திரும்ப எடுத்தபோது மட்டும் உதை கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

பாம்பும் விட்டுவைக்கவில்லை. தரைக்கடியில் இருக்கும் கட்டுப்பாட்டு அறைக் காட்சிக்குக் கொண்டுவந்த நாகப்பாம்பு அவரைக் கொத்திவிட்டது. நல்லவேளை, விஷம் எடுத்த பாம்பு.

இது போதாதென்று, கூட்டத்தில் நிற்க வந்த எக்ஸ்ட்ரா இளைஞர்களில் சிலர், சினிமா ஹீரோதானே, நிஜமாகச் சண்டை தெரியுமா என்று லீயைச் சீண்டுவார்கள். பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போய்விடுவார். எப்போதாவது பொறுமை போய், ஒரு ஆளை நிஜமாகவே எதிர்கொண்டு உட்கார வைத்ததும் உண்டு. கேமரா ஓடும்போது ஒரு சண்டை, ஓடாதபோது இன்னொரு சண்டை.

அதே கூட்டத்தில் 18, 19 வயது ஸ்டன்ட் பையன் ஒருவர். லீயின் கோல் தவறிப்போய் அவர் முகத்தில் பட்டது. லீ டேக் முடியும்வரை முகத்தில் எதையும் காட்டவில்லை. இயக்குநர் கட் சொன்னதும் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பையன் ஜாக்கி சான். பல வருடம் கழித்து இதை அவரே சிரிப்போடு சொன்னார்.

சண்டைகள் எல்லாவற்றையும் வடிவமைத்ததும் லீதான். கண்ணாடி அறையில் நடக்கும் கடைசிச் சண்டையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பிம்பம், கேமராவை மறைத்து வைப்பதே பெரிய வேலை. விளக்குச் சூட்டில் அந்த மூடிய அறைக்குள் நாள் கணக்கில் உதைத்துக்கொண்டிருந்தார். படம் முடியும்போது ஏற்கெனவே ஒல்லியான உடம்பு இன்னும் மெலிந்திருந்தது.

71 நாட்கள்

1973 மே 10. ஷூட்டிங் முடிந்து டப்பிங் வேலை. சத்தம் பதிவாகக் கூடாது என்று ஸ்டுடியோவில் ஏசியை அணைத்திருந்தார்கள். ஹாங்காங்கின் மே மாதப் புழுக்கம், மூடிய அறை. லீக்குத் தலை சுற்றியது. கழிவறைக்குப் போனவர் அங்கேயே தரையில் விழுந்தார். யாரோ வரும் காலடிச் சத்தம் கேட்டதும், கீழே விழுந்த மூக்குக்கண்ணாடியைத் தேடுவது போலத் தரையைத் தடவினார் என்று லிண்டா பிறகு எழுதியிருக்கிறார். அந்த நிலையிலும் தான் விழுந்ததை யாரும் பார்த்துவிடக் கூடாது.

டப்பிங் அறைக்குத் திரும்பியதும் மறுபடி சரிந்தார். இந்த முறை வலிப்பு. ஹாங்காங் பாப்டிஸ்ட் மருத்துவமனையில் மூளையில் வீக்கம் என்று கண்டுபிடித்து, அதைக் குறைக்கும் மருந்து கொடுத்துக் காப்பாற்றினார்கள். பிறகு லாஸ் ஏஞ்சலஸில் முழுப் பரிசோதனை. உடம்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு வந்தது.

வந்த வேகத்தில் அடுத்த சண்டை. இந்த முறை தலைப்புக்காக. 'பிளட் அண்ட் ஸ்டீல்', 'ஹான்ஸ் ஐலேண்ட்' என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தது ஸ்டுடியோ. லீ விடவில்லை, கடிதம் மேல் கடிதம். அவருடைய சீனத் திரைப்பெயர் லீ சியூ-லுங், குட்டி டிராகன் என்று அர்த்தம். கடைசியில் 'என்டர் தி டிராகன்' என்ற பெயரே நின்றது. ஸ்டுடியோவோடு அவர் முழுசாக ஜெயித்த சண்டை இது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

ஜூலை 20. ஹாங்காங்கில் நடிகை பெட்டி டிங் பெய்யின் வீட்டில் இருந்தபோது தலைவலி. ஈக்வஜெசிக் என்ற வலி மாத்திரை போட்டுவிட்டுப் படுத்தார். எழுப்பியபோது எழவில்லை. மறுபடியும் மூளை வீக்கம். இந்த முறை யாராலும் காப்பாற்ற முடியவில்லை. முதல் மயக்கத்துக்கும் மரணத்துக்கும் இடையே 71 நாட்கள்.

சாபம், கொலை, விஷம் என்று அன்றைக்குக் கிளம்பிய கதைகளுக்கு அளவே இல்லை. செப்டம்பரில் நடந்த விசாரணையில் எதிர்பாராத விபத்தால் நேர்ந்த மரணம் என்று முடிவானது. மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம் என்று அப்போது கருதினார்கள். கடும் வெப்பத்தின் தாக்கம் என்று பிற்காலத்தில் ஒரு கருத்து. உடம்பில் தண்ணீர் மிஞ்சி சோடியம் குறைந்திருக்கலாம் என்று 2022-ல் சிறுநீரக மருத்துவர்கள் சொன்ன இன்னொரு கருத்து.

ஆகஸ்டில் படம் அமெரிக்காவில் ரிலீஸ் ஆனது. செலவைப் போலப் பல மடங்கு சம்பாதித்தது. 2004-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இடம்பிடித்தது. நிறுத்தி வைத்த 'கேம் ஆஃப் டெத்' படத்தை, டூப் நடிகர்களை வைத்து 1978-ல் முடித்தார்கள். இயக்கியவர் அதே கிளவுஸ். லீயின் நிஜ இறுதிச் சடங்குக் காட்சிகளையும் அந்தப் படத்தில் சேர்த்திருந்தார்கள்.

ஸ்கிரிப்ட்டுக்காக அவர் போட்ட சண்டை என்ன ஆச்சு? படத் தொடக்கத்தில் ஷாவ்லின் கோயிலில் நடக்கும் காட்சிகளை லீயே எழுதி, தானே இயக்கினார். சம்மோ ஹங்கோடு மோதல், அதை அடுத்து வயதான துறவியோடு நடந்துகொண்டே பேசும் உரையாடல். சண்டை அப்படியே இருந்தது. துறவியோடு பேசும் காட்சியை அமெரிக்காவில் வெளியிட்ட பிரதியில் வெட்டிவிட்டார்கள். படத்தின் 25-ம் ஆண்டையொட்டி 1998-ல்தான் அதைத் திரும்பச் சேர்த்தார்கள். இனி இந்தப் படத்தைப் போனில் போட்டால், முதல் சண்டை முடிந்ததும் கவனியுங்கள். துறவி வந்து பேசினால் அது அந்தப் புதிய பிரதி.