மயில்வாகனம் என்ற விஞ்ஞான ஆசிரியர்

சுவாமி விபுலாநந்தர் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது காவியுடையும் யாழ் நூலும்தான். தமிழ்ப் பாடத்தில் நாம் அறிந்ததும் அந்த விபுலாநந்தரைத்தான். துறவியாவதற்கு முன் அவர் யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படிப்பித்த ஒரு ஆசிரியர் என்பதை உயர்தர வகுப்புக்கு வந்த பிறகே நான் அறிந்தேன். அறிந்ததிலிருந்து அந்தப் பகுதியைத்தான் தேடித் தேடி வாசித்தேன்.

காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் உயிரியல் பிரிவில் யாரைக் கேட்டாலும் வைத்தியர் என்பதே பதில். விஞ்ஞான ஆசிரியையாக வர விருப்பம் என்று ஒருத்தி சொன்னால், பெறுபேறு குறைந்துவிடும் என்ற பயத்தில் இப்போதே சொல்லி வைக்கிறாள் என்று நினைப்பார்கள். வீட்டிலும் வாப்பா உம்மா சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். ஆசிரியத் தொழில் வேறு கதவுகள் மூடிய பிறகு போகும் இடம் என்று நாம் எப்படியோ தீர்மானித்துவிட்டோம். நமக்கு இவ்வளவு அருகில் பிறந்த ஒருவர் அந்தத் தொழிலை எப்படித் தேடிப் போனார் என்று பார்ப்போம்.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வீதியில் தெற்கே போனால் சாய்ந்தமருது, மாளிகைக்காடு, அடுத்தது காரைதீவு. அதையும் தாண்டினால் நிந்தவூர். முஸ்லிம் ஊர்களுக்கு நடுவே இருக்கும் அந்தத் தமிழ் ஊரில் 1892 மார்ச் 27ஆம் திகதி சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியரின் மகனாக மயில்வாகனம் பிறந்தார். ஊரில் குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் எழுத்தறிந்தார். ஆங்கிலம் படிக்க அவர் வந்தது நமது கல்முனைக்குத்தான், மெதடிஸ்த மிஷன் பாடசாலைக்கு. பிறகு மட்டக்களப்புக்குச் சென்று, புனித மிக்கேல் கல்லூரியில் படித்து, 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்தார். அப்போது வயது 16. என்னைவிட ஒரு வயது இளையவர்!

அந்தக் காலத்தில் கேம்பிரிட்ஜ் சீனியர் என்பது சிறிய விடயமல்ல. ஆங்கிலம் தெரிந்த இளைஞனுக்கு அரசாங்க லிகிதர் வேலை ஒரு பெரிய கனவு. மயில்வாகனம் மாணவர்களுக்குப் படிப்பிக்கத் தொடங்கினார். தனக்குத் தெரிந்தது போதாது என்று அவருக்கு விரைவில் பட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஏனெனில் அடுத்த பத்து வருடங்களைப் பார்த்தால், கொஞ்சம் படிப்பிப்பார், பிறகு வேலையை விட்டுவிட்டு மறுபடி மாணவனாகப் போய் உட்காருவார். 1911இல் கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. பயிற்சி முடிந்ததும் மீண்டும் மட்டக்களப்பில் தான் படித்த கல்லூரியிலேயே ஆசிரியர். 1915இல் அதையும் விட்டுக் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் படிக்கச் சேர்ந்தார். அடுத்த வருடம் விஞ்ஞான டிப்ளோமா கிடைத்தது.

இந்த இடத்தில் அன்றைய நிலையைச் சொல்ல வேண்டும். அப்போது இலங்கையில் பல்கலைக்கழகமே கிடையாது. கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது 1921இல்தான். விஞ்ஞானத்தில் மேலே படிக்க விரும்பியவர் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு, இலண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சைக்கு இங்கிருந்தே தோற்ற வேண்டும். பாடம் முழுவதும் ஆங்கிலத்தில். கிழக்குக் கரையில் பிறந்த பிள்ளை ஒன்று இந்த வழியில் போவது எவ்வளவு அரிது என்று யோசித்துப் பாருங்கள்.

அதோடு அவர் நிற்கவில்லை. கொழும்பில் பகலில் விஞ்ஞானம் என்றால் மீதி நேரத்தில் தமிழ். தென்கோவை கந்தையாபிள்ளை போன்ற அறிஞர்களிடம் இலக்கண இலக்கியம் கற்று, விஞ்ஞான டிப்ளோமா பெற்ற அதே 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் சித்தியடைந்தார். விஞ்ஞானப் பிரிவு, கலைப் பிரிவு என்று பதினாறு வயதில் பிரிந்து, பிறகு ஒருவர் புத்தகத்தை ஒருவர் தொட்டும் பார்க்காத நமக்கு இது நம்பக் கடினமான செய்தி.

1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகக் கடமையேற்றார். அங்கே படிப்பித்துக்கொண்டே இலண்டன் பரீட்சைக்கும் தயாராகி, பி.எஸ்சி. பட்டதாரியானார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரைத் தலைமையாசிரியராக அழைத்துக்கொண்டது. வயது 28.

எல்லோரும் போதும் என்று சொல்லக்கூடிய இடம் அது. பதவி, பட்டம், மரியாதை எல்லாம் வந்துவிட்டன. 1922இல் அவர் அதையும் விட்டுச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்துக்குப் போனார். 1924இல் விபுலாநந்தர் என்ற பெயருடன் துறவியானார். துறவு நமது மார்க்கத்தின் வழியல்ல, அதைப்பற்றி எழுத எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் துறவியாகித் திரும்பி வந்தவர் செய்தது என்ன என்று பார்த்தால், மறுபடியும் பாடசாலைதான். யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு என்று இராமகிருஷ்ண சங்கத்தின் பாடசாலைகளைப் பொறுப்பேற்று வளர்த்தார். 1929இல் மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர். எங்கே போனாலும் கடைசியில் ஒரு வகுப்பறைக்குள்தான் நின்றார்.

விஞ்ஞானத்தை அவர் கைவிட்டாரா? இல்லை என்பதற்கு என்னிடம் இரண்டு ஆதாரங்கள் உண்டு.

ஒன்று கலைச்சொற்கள். விஞ்ஞானத்தைத் தமிழில் படிப்பிக்க வேண்டுமானால் சொற்கள் வேண்டும். அவை வடமொழியிலிருந்து வர வேண்டுமா, ஆங்கிலச் சொல்லையே வைப்பதா, தமிழிலேயே ஆக்குவதா என்று அக்காலத்தில் பெரிய வாதம் நடந்தது. 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்கு விபுலாநந்தரே தலைமை தாங்கினார். கணிதம், பௌதிகம், இரசாயனம் முதலான துறைகளுக்குச் சொற்பட்டியல்கள் உருவாயின. இரசாயனமும் கற்று இலக்கணமும் கற்றவர் அந்தக் கதிரையில் இருந்தது பொருத்தம்தானே. நாம் எழுதும் ஒட்சிசன், ஐதரசன், மூலகம், மீடிறன் எல்லாம் பின்னாளில் இலங்கையில் நிலைபெற்ற சொற்கள்; தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஆக்சிஜன், தனிமம், அதிர்வெண் என்பார்கள். எது நல்லது என்று சண்டை பிடிக்க நான் வரவில்லை. ஆனால் ஒரு வினாத்தாளை நம் தாய்மொழியில் எழுத முடிவதற்குப் பின்னால், ஒவ்வொரு சொல்லாக உட்கார்ந்து யோசித்த ஆசிரியர்கள் இருந்திருக்கிறார்கள்.

மற்றது யாழ் நூல். அதை இலக்கிய நூல் என்று மட்டும் நினைத்திருந்தேன். பழந்தமிழரின் யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை போன்ற இடங்களில் சொற்கள்தான் மிஞ்சியிருந்தன: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்கள். அந்தச் சொற்களிலிருந்து ஓசையை மீட்க அவர் கணக்கைப் பயன்படுத்தினார். பௌதிகவியலில் நாம் சுரமானியில் செய்யும் பரிசோதனையை நினையுங்கள். இழுவை மாறாமல் கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் மீடிறன் இரண்டு மடங்காகும், மூன்றில் இரண்டாக்கினால் ஒன்றரை மடங்காகும். குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவு இந்த ஒன்றரைதான். இப்படி விகிதம் விகிதமாகக் கணித்து யாழ் நரம்புகளின் ஒலியை நிறுவ ஏறத்தாழ 14 வருடங்கள் உழைத்தார். தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்த அந்த ஏழு பெயர்களும் பௌதிகவியல் கொப்பியில் வந்து நின்றதுபோல இருந்தது எனக்கு.

நமது சமூகத்துக்கும் அவருக்கும் இருந்த உறவையும் சொல்லாமல் விட மனமில்லை. இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் 1942இல், உலகப் போர்க்காலத்தில், உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். அந்த வருடமே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தையும் அமைத்தார். இங்கிருந்த நாட்களில் அவர் விபுலாநந்தருடன் நெருங்கிப் பழகினார். பின்னர் சிவில் சேவையை விட்டுக் கொழும்பு சாஹிறாக் கல்லூரியின் அதிபரானவர் அஸீஸ். பெரிய உத்தியோகத்தைவிடப் பாடசாலை மேல் என்று நினைத்த இரண்டு பேர் நம் ஊர்ப்பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். என்ன பேசியிருப்பார்கள் என்று அறிய எனக்கு மிகுந்த ஆசை.

யாழ் நூல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக 1947 ஜூன் மாதம் தமிழ்நாட்டில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அவரது கணக்கின்படி செய்த யாழ்கள் அங்கே மீட்டப்பட்டன. அப்போதே அவருக்கு உடல்நலம் குன்றியிருந்தது. ஊர் திரும்பி, ஜூலை 19ஆம் திகதி கொழும்பில் காலமானார். வயது 55. ஜனாஸாவை மட்டக்களப்புக்குக் கொண்டு வந்து, கல்லடியில் அவர் தொடங்கிய சிவானந்த வித்தியாலய வளவிலேயே அடக்கம் செய்தார்கள்.