மர ஆலை ஊரிலிருந்து ஓடி வந்த பிரீஃபோன்டேன்

ஐந்தாம் படிவம் முடிந்த பிறகு இந்த ஓட்டம் பிள்ளையை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்? தோட்டத்தை விட்டு ஈப்போ பக்கம் குடியேறிய குடும்பங்களில், மாலையில் தனியாகத் திடலைச் சுற்றி ஓடும் மகனையோ மகளையோ பார்த்துப் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு தொழிலாளர் வீட்டுப் பையனும் இதே கேள்விக்கு முன்னால் நின்றார். நெடுந்தூர ஓட்டக்காரர் ஸ்டீவ் பிரீஃபோன்டேன்தான் அவர்.

1951 ஜனவரி 25-ஆம் தேதி கூஸ் பே என்ற கடலோர ஊரில் பிறந்தார். மரம் வெட்டுவோர், ஆலைத் தொழிலாளர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்குவோர் நிறைந்த ஊர் அது. தோட்டமும் ஈயச் சுரங்கமும் வளர்த்த நம் கிந்தா வட்டார ஊர்களைப் போலவே, அங்கும் உடல் உழைப்புக்குத்தான் மரியாதை. தந்தை தச்சர். தாய் ஜெர்மனியிலிருந்து வந்தவர். தையல் வேலை செய்தவர்.

அந்த ஊரில் பையன்களுக்குப் பெருமை தந்தது அமெரிக்கக் காற்பந்து. ஸ்டீவ் உயரம் குறைந்தவர். காற்பந்திலும் கூடைப்பந்திலும் பெரும்பாலும் ஓரத்தில் உட்கார்ந்திருக்கவே வாய்த்தது. அப்படியிருந்த நாள்களில்தான், திடலைக் கடந்து ஓடிப் பழகும் குறுக்கோட்டக் குழுவைக் கவனித்தார். மார்ஷ்ஃபீல்ட் உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்ததும் அந்தக் குழுவில் இடம் பிடித்தார்.

வெற்றி உடனே வரவில்லை. முதல் ஆண்டு மாநிலக் குறுக்கோட்டப் போட்டியில் அவருக்குக் கிடைத்தது 53-ஆவது இடம். அடுத்த ஆண்டு குறுக்கோட்டத்தில் ஆறாவதாக வந்தாலும், இரண்டு மைல் ஓட்டத்தில் மாநில அளவுக்குத் தகுதி பெற முடியவில்லை. அந்தத் தோல்வி அவரை உறுத்தியது. பயிற்றுநர் வால்ட் மெக்லூர் வகுத்த பயிற்சியைப் பிடித்துக்கொண்டு, விடுமுறையிலும் விடாமல் ஓடினார். கடைசி இரண்டு ஆண்டுகளில் குறுக்கோட்டத்தில் அவரை வெல்ல எவரும் இல்லை. 1969-இல் இரண்டு மைல் தூரத்தை 8 நிமிடம் 41.5 வினாடியில் ஓடி, உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கான தேசியச் சாதனையை ஏறக்குறைய 7 வினாடி குறைத்தார்.

அதன் பிறகு சுமார் 40 கல்லூரிகள் அவரைத் தேடி வந்தன. அவர் காத்திருந்ததோ, சொந்த மாநிலத்து ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்றுநர் பில் பவர்மேனின் கடிதத்துக்கு. அது வந்து சேர்ந்ததும் யூஜின் நகருக்குச் சென்றார். பின்னாளில் நைக்கியாக வளர்ந்த காலணி நிறுவனத்தை ஃபில் நைட்டுடன் சேர்ந்து தொடங்கியவர் இந்தப் பவர்மேன். பல்கலைக்கழக நாள்களில் பிரீஃபோன்டேன் மூன்று முறை குறுக்கோட்டத்திலும், 1970 முதல் 1973 வரை தொடர்ந்து நான்கு முறை மூன்று மைல் அல்லது 5,000 மீட்டர் ஓட்டத்திலும் தேசியக் கல்லூரி வாகையர் ஆனார்.

1972-இல் மியூனிக் ஒலிம்பிக் 5,000 மீட்டர் இறுதி ஓட்டத்தில் அவருக்கு வயது 21. கடைசி ஒரு மைல் தொடங்கியபோது முன்னால் பாய்ந்து வேகத்தைக் கூட்டினார். பின்லாந்தின் லாஸ்ஸே விரேன் தங்கமும் துனிசியாவின் முகமது கம்மூடி வெள்ளியும் வென்றனர். கோட்டை எட்டும் தறுவாயில் பிரிட்டனின் இயன் ஸ்டூவர்ட் அவரைத் தாண்டினார். இரண்டாம் இடத்துக்காகப் பதுங்கி ஓட மறுத்தவருக்கு நான்காம் இடமே கிடைத்தது.

பட்டம் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான சோதனை. அமெச்சூர் விதிகளின்படி, ஓடிப் பணம் வாங்கினால் ஒலிம்பிக் வாய்ப்பு பறிபோகும். உணவு உதவிச் சீட்டில் சாப்பிட்டார், நடமாடும் வீட்டில் தங்கினார், மதுக்கூடத்தில் வேலை பார்த்தார். பயிற்சியை மட்டும் விடவில்லை. விளையாட்டாளர்களைப் பட்டினி போடும் அந்த விதிகளை வெளிப்படையாகக் கண்டித்தார். ஓரிகன் சிறைக் கைதிகளுக்கு ஓட்டப் பயிற்சியும் அளித்தார்.

1975-இல் பின்லாந்து ஓட்டக்காரர்களை ஓரிகனுக்கு வரவழைத்துத் தாமே போட்டிகளை ஏற்பாடு செய்தார். மே 9-ஆம் தேதி சொந்த ஊர்த் திடலில், தம்மை வளர்த்த மக்கள் முன்னிலையில், 2,000 மீட்டரில் அமெரிக்கச் சாதனை படைத்தார். மூன்றே வாரம்தான். மே 29 மாலை யூஜினில் 5,000 மீட்டரில் வென்றவர், நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் கார் விபத்தில் உயிரிழந்தார். அப்போது வயது 24. 2,000 மீட்டர் முதல் 10,000 மீட்டர் வரையிலான அமெரிக்கச் சாதனைகள் அவர் பெயரில் இருந்தன.

அவர் எதிர்த்த நிர்வாக முறையை மாற்றிய அமெச்சூர் விளையாட்டுச் சட்டம் 1978-இல் வந்தது. யூஜினில் அவர் பெயரிலான தடகளப் போட்டியும், கூஸ் பேயில் நினைவு ஓட்டமும் ஆண்டுதோறும் நடக்கின்றன.

நம் பிள்ளைகளும் முதல் போட்டியில் 53-ஆவதாக வரலாம். திறமை இல்லை என்று அன்றே முடிவு கட்டாமல், அடுத்த இரண்டு ஆண்டுகள் ஓட விட வேண்டும். பல்கலைக்கழக வாசல் வரை ஓடி வந்த பிறகு, அங்கே அவர்கள் சாப்பாட்டுக்கும் காலணிக்கும் அல்லாடாமல் பார்த்துக்கொள்வது சமூகத்தின் கடமை.