ஸ்பிரிங் கட்டில் தந்த ஜோசப் பிலாட்டீஸ்

இந்த மலரைப் புரட்டுகிற பழைய மாணவர்களில் முட்டிவலி, இடுப்புவலி இல்லாதவர்கள் கை தூக்குங்கள் என்றால் அதிகம் கைகள் எழாது. தோள்வலிக்காரர்கள் தூக்க நினைத்தாலும் முடியாது, அது வேறு விஷயம்! இப்போது படிக்கும் தம்பி தங்கைகளும் சிரிக்க வேண்டாம். கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்கார்ந்தால் உங்களுக்கும் அதே கதிதான். ஆகவே இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு மனிதரை அறிமுகம் செய்கிறேன். உடற்பயிற்சிக் கூடங்களில் ‘ரிஃபார்மர்’ என்றொரு கருவி இருக்கிறதே, அதைப் படைத்தவர்.

ஜோசப் பிலாட்டீஸ் 1883 டிசம்பர் 9 அன்று ஜெர்மனியில், மென்ஷன்கிளாட்பாக் என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயதில் ஆஸ்துமா, எலும்பு வளைகிற ரிக்கெட்ஸ் நோய் என்று சீக்காளிப் பிள்ளை. அந்தப் பையன் ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை, பளு என்று ஒன்றையும் விடாமல் பழகி உடம்பைத் தேற்றினான். 1912 வாக்கில் பிழைப்புக்காக இங்கிலாந்து போனார்.

1914-இல் யுத்தம் வந்தது. ஜெர்மன்காரர் என்ற ஒரே காரணத்துக்காகப் பிடித்து அடைத்துவிட்டார்கள். முதலில் லங்காஸ்டர், பிறகு மான் தீவின் நாக்கலோ முகாம். 20,000 பேருக்கு மேல் அடைபட்டிருந்த இடம் அது. மற்றவர்கள் சோர்ந்து கிடக்க, இவர் சக கைதிகளைத் தரையில் படுக்க வைத்துப் பயிற்சி கொடுத்தார். எழுந்திருக்க முடியாத நோயாளிகளின் இரும்புக் கட்டிலில் ஸ்பிரிங்குகளை மாட்டி, படுத்தபடியே கை காலை இழுக்க வைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1918 விஷக்காய்ச்சலில் அவரிடம் பழகிய ஒருவர்கூடச் சாகவில்லை என்றும் சொல்வார்கள். அதை மட்டும் நான் நம்பத் தயாரில்லை. பக்தர்கள் சேர்த்துக்கொண்டதாகத்தான் படுகிறது.

விடுதலையாகி ஜெர்மனி திரும்பியவர், 1926-இல் அமெரிக்கா போனார். கப்பலில் சந்தித்த கிளாராதான் பிறகு வாழ்க்கைத் துணை. இருவரும் நியூயார்க்கில் எட்டாவது அவென்யூ 939-ஆம் எண் கட்டடத்தில் கூடம் வைத்தார்கள். அவர் சூட்டிய பெயர் ‘கன்ட்ராலஜி’, அதாவது உடம்பை மனது கட்டுப்படுத்தும் வித்தை. காலில், முதுகில் அடிபட்ட நடனக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஜார்ஜ் பலன்சின், மார்த்தா கிரகாம் போன்ற பெரிய நாட்டிய மேதைகளே தேடி வந்தார்கள். கிளாரா பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பாராம். ஐயாவுக்கு வாயில் சுருட்டு, அரைக்கால் சட்டை, அதட்டல்!

சரி, அந்த ரிஃபார்மர் எப்படி இருக்கும்? கட்டில் போன்ற ஒரு சட்டம். அதற்குள் முன்னும் பின்னும் உருளும் மெத்தை வைத்த பலகை. பலகையைச் சட்டத்தோடு இழுத்துப் பிடிக்க நாலைந்து ஸ்பிரிங்குகள். காலால் உதைக்க ஒரு கம்பி, தோள் முட்ட இரண்டு திண்டு, கை கால் மாட்டக் கப்பி வழியாக வரும் வார்கள். அவ்வளவுதான்.

புதிதாகச் சேர்பவரை முதலில் மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். பாதத்தைக் கம்பியில் வைத்து உதைத்தால் பலகை நகரும். இரும்புக் குண்டின் எடை எப்போதும் ஒன்றுதான். ஸ்பிரிங் அப்படியில்லை, நீள நீள இறுக்கம் கூடும். திரும்பி வரும்போது அது உங்களை வெடுக்கென்று இழுக்கப் பார்க்கும். நீங்கள் விடாமல், மெதுவாக வரவேண்டும். பலகை ‘டக்’கென்று மோதினால் பயிற்சி போச்சு. வித்தையே அந்தத் திரும்பி வருவதில்தான் இருக்கிறது.

இன்னொரு விஷயம். ஸ்பிரிங்கைக் குறைத்தால் சுலபம் என்று நினைப்போம். காலால் உதைக்கும்போது சரிதான். ஆனால் பலகைமேல் மண்டி போட்டோ, கையூன்றியோ செய்யும்போது ஸ்பிரிங் குறைந்தால் பலகை நழுவும். வயிறும் முதுகும் உடம்பைப் பிடித்து நிறுத்தப் படாதபாடு படும். ஏறும் முன் ஸ்பிரிங் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பது ரொம்ப முக்கியம். எலும்புத் தேய்மானம், டிஸ்க் கோளாறு உள்ள நம் வயதுக்காரர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். முதுகை வளைத்துக் குனியும் பயிற்சிகள் எல்லோருக்கும் ஆகாது.

கருவி வாங்க வசதியில்லையே என்று மாணவர்கள் கவலைப்பட வேண்டாம். 1945-இல் அவர் வெளியிட்ட நூலில் உள்ள 34 பயிற்சிகளுக்கும் ஒரு பாய் போதும்.

தன் முறையை மருத்துவ உலகம் ஏற்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அவர் கண் மூடும்வரை அது நடக்கவில்லை. 1967 அக்டோபரில், 83 வயதில் நியூயார்க்கில் காலமானார். கிளாரா கூடத்தைத் தொடர்ந்து நடத்தினார். சீடர்கள் ஊர் ஊராகப் பிரிந்து போய்க் கற்பித்தார்கள். பிற்பாடு ‘பிலாட்டீஸ்’ என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று வழக்கே வந்தது. 2000 அக்டோபரில் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: யோகா, கராத்தே போல அதுவும் ஒரு பயிற்சியின் பொதுப்பெயர், தனியார் யாரும் உரிமை கொண்டாட முடியாது.