மங்கரா தந்த சங்கரன் நாயர்

பாலக்காட்டிலிருந்து ஷொரனூர் போகும் வழியில் மங்கரா என்றொரு சிறிய ரயில் நிலையம் உண்டு. அவ்வழியே வேலைக்குப் போய்வரும் நம்மவர் பலருக்கு, அது சர் சங்கரன் நாயர் பிறந்த ஊர் என்பது தெரியாது.

1857ல் பிறந்த அவர், சென்னையில் வக்கீலாகப் பெயர் பெற்று, 1897ல் அமராவதி காங்கிரசுக்குத் தலைமை வகித்தார். பின்னர் ஹைகோர்ட் நீதிபதியானார். ஆஷ் கொலை வழக்கை விசாரித்த மூவரில் அவரும் ஒருவர். மற்ற இரு வெள்ளைக்கார நீதிபதிகளோடு ஒத்துப்போகாமல் தனித் தீர்ப்பு எழுதினார்.

1915ல் வைஸ்ராயின் நிர்வாக சபையில் அங்கத்தினரானார். 1919 ஏப்ரல் 13ல் ஜாலியன்வாலா பாக்கில் 1,650 ரவைகள் சுடப்பட்டன. சர்க்கார் கணக்குப்படியே மாண்டோர் 379 பேர். தொடர்ந்து பஞ்சாபில் ராணுவச் சட்டம், தெருவில் கசையடி, விசேஷ நீதிமன்றங்களில் அவசர விசாரணை, வெளி மாகாண வக்கீல்கள் வரத் தடை. நீதிபதியாக இருந்தவருக்கு இது பொறுக்குமா? பதவியை ராஜினாமா செய்தார்.

1922ல் எழுதிய நூலில், அக்கொடுமைகளுக்குப் பஞ்சாபை ஆண்ட ஓட்வையரே பொறுப்பு என்றார். அந்த நூல் காந்தியடிகளின் இயக்கத்தைக் கண்டித்து எழுதப்பட்டது என்பதுதான் வேடிக்கை! ஓட்வையர் லண்டனில் மானநஷ்ட வழக்குத் தொடர்ந்தார்.

1924ல் வழக்கு ஐந்து வாரம் நடந்தது. சுட உத்தரவிட்ட டயர் செய்தது சரியே என்று நீதிபதி மக்கார்டி ஜூரிகளிடமே கூறிவிட்டார். பஞ்சாப் மக்களுக்குக் கிட்டாத நியாயமான விசாரணை, அவர்களுக்காகப் பேசியவருக்கும் கிட்டவில்லை என்றே சொல்ல வேண்டும். 12 ஜூரிகளில் 11 பேர் ஓட்வையர் பக்கம். மறுத்தவர் ஹெரால்டு லாஸ்கி ஒருவரே.

500 பவுன் நஷ்டஈடும், அதைவிடப் பன்மடங்கு வழக்குச் செலவும் நாயர் தலையில் விழுந்தன. மன்னிப்புக் கேட்டால் பணத்தை விட்டுவிடுவதாக ஓட்வையர் சொல்லியனுப்பினார். நாயர் கேட்கவில்லை, பணத்தைக் கட்டிவிட்டு ஊர் திரும்பினார். 1934ல் காலமானார்.