எலும்புக்குள் ஒரு கயிறு: ஜி.என். இராமச்சந்திரன்



மார்கழிக் குளிரில் நம்ம வீட்டில் ஆட்டுக்கால் சூப் வைப்பார்கள். ராத்திரி மிச்சம் இருந்ததைக் காலையில் திறந்தால் தளதளன்னு உறைந்து கிடக்கும். மேலே வெள்ளையாகப் படிந்தது கொழுப்பு. அடியில் ஆடுகிறதே, அது கொழுப்பு இல்லை! எலும்பு, குருத்தெலும்பு, தசைநார் எல்லாவற்றிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம்தான் வெந்து கரைந்து அப்படி ஆகிறது. நம் உடம்பில் மிக அதிகமாக இருக்கும் புரதம் இதுதான். இதன் வடிவத்தைச் சென்னையில் இருந்தபடியே கண்டுபிடித்தவர் ஜி.என். இராமச்சந்திரன்.

இவர் 1922 அக்டோபர் 8-ல் எர்ணாகுளத்தில் பிறந்தார். அப்பா கல்லூரியில் கணக்குப் பேராசிரியர். அதனால் கணக்கு வீட்டிலேயே வந்துவிட்டது. திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்தார். 1942-ல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அங்கிருந்த சர் சி.வி. ராமன் இவர் திறமையைப் பார்த்து, தன் இயற்பியல் துறைக்கே இழுத்துக்கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜ் போய்ப் பட்டம் வாங்கி 1949-ல் ஊர் திரும்பினார். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவர் ஆனார். வயது முப்பதுதான்!

அந்தச் சமயம் பெர்னால் என்ற விஞ்ஞானி இங்கிலாந்திலிருந்து சென்னை வந்தார். கொலாஜனின் வடிவம் இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்பது அவர் பேச்சில் வந்தது. இராமச்சந்திரன் விடுவாரா? சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாரை வாங்கி வந்தார். கோபிநாத் கர்த்தா என்பவருடன் சேர்ந்து எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தார். 1954-ல் விடையை வெளியிட்டார். 1955-ல் அதை மேலும் திருத்தினார்.

விடை என்ன தெரியுமா? மாடு கட்டும் கயிறு மாதிரி! மூன்று புரிகள் ஒன்றையொன்று சுற்றித் திரிந்த கயிறு. ஒவ்வொரு புரியிலும் மூன்றாவது மணி எப்போதும் கிளைசின் என்ற மிகச் சின்ன அமினோ அமிலம். அது மட்டும் உள்பக்கம் திரும்பி நிற்கும். பெரிய மணி என்றால் இடம் பத்தாது, கயிறு பிரிந்துவிடும். நிலா பூமிக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டு சுற்றுகிறதே, அதை நினைத்துத்தான் இந்தத் திரிப்பு அவருக்குப் பிடிபட்டதாம்.

இங்கேதான் சோதனை வந்தது. டி.என்.ஏ. புகழ் கிரிக்கும், ரிச் என்பவரும் மூன்று புரி என்பதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் இராமச்சந்திரன் சொன்ன வடிவில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன, அது நடக்காது என்றார்கள். புரிகளுக்கு நடுவே இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு இல்லை, ஒன்றுதான் என்றும் திருத்தினார்கள். உலகமே பெரிய பேர் பக்கம் திரும்பியது.

நாமாக இருந்தால் கோவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவர் ஒரு கேள்வி கேட்டார்: அணுக்கள் உண்மையில் எவ்வளவு கிட்டே வரலாம்? அதுவரை வெளியான படிக ஆய்வுகளை எல்லாம் தேடி, அளந்து பார்த்தார். சசிசேகரன், இராமகிருஷ்ணன் ஆகியோருடன் சேர்ந்து 1963-ல் ஒரு வரைபடம் போட்டார். ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்கலாம், எதில் மடங்க முடியாது என்று அது காட்டும். அதற்குப் பேர் 'இராமச்சந்திரன் வரைபடம்'. பிணைப்பு விஷயத்தில் கிரிக் சொன்னதுதான் சரி என்று பின்னால் தெரிந்தது. ஆனால் இன்றைக்கு உலகில் எந்தப் புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், சரியா தப்பா என்று இந்த வரைபடத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்!

அந்தக் கயிற்றுக்கு ஒரு பழைய கதையும் உண்டு. எலும்பே இல்லாத கடற்பஞ்சிலும் கொலாஜன் இருக்கிறது. அதன் மரபணுவைப் பிரித்துப் பார்த்தால் 54 எழுத்துத் துண்டுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு சின்னத் துண்டு பலமுறை நகலாகி நீண்டது போலத் தெரிகிறது. 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, முதல் முதுகெலும்பிகள் தோன்றிய காலத்தில் மரபணுக்கள் மொத்தமாகவே நகலாகின. ஒரு நகல் குருத்தெலும்புக்கு, இன்னொன்று எலும்புக்கு என்று வேலை பிரிந்தது. கயிற்றின் மேல் சுண்ணாம்புச் சத்து படிந்தால் கெட்டி எலும்பு. கம்பி கட்டி கான்கிரீட் போடுவது மாதிரி! சுறாவின் உறவான ஒரு மீனின் மரபணுக்களை 2014-ல் படித்து வெளியிட்டார்கள். சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைக்கும் ஒரு மரபணுக் குடும்பமே அதில் இல்லை. அதனால்தான் அதற்குக் குருத்தெலும்பு மட்டும் என்று கருதினார்கள்.

இராமச்சந்திரன் 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். நோபல் பரிசு கிடைக்கவில்லை. 2001 ஏப்ரல் 7-ல் சென்னையில் காலமானார்.

நண்பர்களே, விடைத்தாளில் சிவப்பு மை விழுந்தால் அழ வேண்டாம். எங்கே தப்பு என்று அளந்து பார்ப்போம். அவருடைய பெரிய கண்டுபிடிப்பே அப்படித்தான் பிறந்தது!

செய்து பாருங்கள்: கழுவிய கோழி எலும்பை வினிகரில் சில நாள் ஊறவையுங்கள். சுண்ணாம்புச் சத்து கரைந்து எலும்பு ரப்பர் மாதிரி வளையும். மிச்சம் இருப்பதுதான் இராமச்சந்திரனின் கயிறு!

– பத்தாம் வகுப்பு, ஜமுனாமரத்தூர்