குறைச்சலா ஊதிய மைல்ஸ் டேவிஸ்

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் ஹாஸ்டல் ஸ்கூல்ல பிளஸ் டூ முடிச்சுட்டு வந்தவங்க நம்ம காலேஜ்ல நிறைய பேர் இருக்கீங்க. ஃபர்ஸ்ட் ரேங்க் எடுக்கிறவன் எப்படிப் படிக்கிறானோ அப்படியே நாமளும் படிக்கணும்னு பழகிட்டோம். அந்தப் பழக்கம் உங்களுக்கும் இருந்தா, இந்த டிரம்பெட் கலைஞரோட கதை உங்களுக்குத்தான்.

மைல்ஸ் டேவிஸ் 1926-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். அப்பா பல் டாக்டர். வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. 1944-ல், 18 வயசில், நியூயார்க் போய் ஜூலியார்டு இசைக் கல்லூரியில் சேர்ந்தார். மனசு மட்டும் வகுப்பில் இல்லை. சார்லி பார்க்கர் என்ற சாக்ஸபோன் மேதையைத் தேடி கிளப் கிளப்பாக அலைந்தார். அடுத்த வருஷமே பார்க்கரின் குழுவில் இடம் கிடைத்தது. கல்லூரியை விட்டுவிட்டார்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி பார்க்கரோடு டிரம்பெட் ஊதியவர் டிஸ்ஸி கில்லஸ்பி. உச்ச ஸ்தாயி, மின்னல் வேகம். மைல்ஸுக்கு அது சரியா வரலை. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? ராத்திரி பகலா பிராக்டிஸ் பண்ணி இன்னொரு கில்லஸ்பி ஆகப் பார்ப்பீங்க. மைல்ஸ் நடு ஸ்தாயியிலேயே நின்றார். சுரங்களைக் குறைத்தார். இடையில் விட்ட மௌனமும் அவர் இசையில் ஒரு பகுதி ஆனது.

வாழ்க்கை அவ்வளவு சுத்தமாக இல்லை. 1950-களின் தொடக்கத்தில் ஹெராயினுக்கு அடிமையானார். அப்பா வீட்டுக்குப் போய் பட்டினியும் நடுக்கமுமாகக் கிடந்துதான் அதிலிருந்து மீண்டார். மனைவியை அடித்தவர் என்பதும் உண்மை. இசையைக் கொண்டாடும்போது அதை மறைக்க வேண்டியதில்லை.

1959-ல் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம். இரண்டே நாள் ரெக்கார்டிங். வாசிப்பவர்களுக்குக் கொடுத்தது வெறும் குறிப்புகள்தான். அதுவரை ஜாஸில் கார்டுகள் சடசடவென மாறும். வாசிப்பவர் அதன் பின்னாலேயே ஓடணும். இதில் முதல் பாட்டான 'சோ வாட்' 16 பார் வரை ஒரே ஸ்கேலில் நிற்கும், 8 பார் அரை சுரம் மேலே போகும், கடைசி 8 பாரில் பழைய இடத்துக்கே திரும்பும். அந்த ஸ்கேல் நம்ம கரகரப்பிரியாவின் சுரங்கள்தான், கமகம் மட்டும் கிடையாது. ஓட வேண்டிய அவசரம் போனதும், ஜான் கோல்ட்ரேன் மாதிரி கூட வாசிச்சவங்களுக்கு யோசிக்க இடம் கிடைச்சது.

1969 பிப்ரவரியில் ஜான் மெக்லாக்லின் என்ற கிதார் கலைஞர் இங்கிலாந்திலிருந்து வந்தார். வந்த சில நாளிலேயே மைல்ஸ் அவரை ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டார். அந்த வருஷம் ஆகஸ்டில் பதிவான 'பிட்சஸ் ப்ரூ' ஆல்பத்தில் ஒரு பாட்டின் பெயரே 'ஜான் மெக்லாக்லின்'. அந்தப் பாட்டில் மைல்ஸ் ஊதவே இல்லை. தன் ஆல்பத்தில் ஒரு இளைஞன் பெயரைப் போட்டு, அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

மெக்லாக்லின் அதற்குப் பதில் மரியாதை செய்தது 1973-ல். தன்னோட மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' ஆல்பத்தில் 'மைல்ஸ் பியாண்ட்' என்று ஒரு பாட்டு எழுதினார். மைல்ஸின் பழைய மெட்டை எடுத்து வாசிக்கவில்லை. அந்தக் குழுவில் டிரம்பெட்டே கிடையாது. கிதார், வயலின், கீபோர்டு, பேஸ், டிரம்ஸ் மட்டும்தான். மைல்ஸ் மாதிரி வாசிக்கிறதை மைல்ஸே விரும்பமாட்டார்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

அங்கேயும் அவர் நிற்கவில்லை. வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், தபலா ஜாகிர் உசேன் ஆகியோருடன் 'சக்தி' குழுவைத் தொடங்கினார். 1976-ல் முதல் ஆல்பம் வந்தது. ஒரு பல் டாக்டர் பையன் தனக்கு வராத வேகத்தை விட்டுக்கொடுத்தான்; அதில் கிடைத்த இடத்தில் வளர்ந்தவர்களில் ஒருவர் நம்ம ஊர் கடம் வரைக்கும் வந்து சேர்ந்தார்.

செமஸ்டர் லீவுல சேலம் பஸ்ல ஜன்னலோரம் உட்கார்ந்து 'சோ வாட்' கேளுங்க. அப்புறம் 'மைல்ஸ் பியாண்ட்'. ரெண்டும் ஒரே மாதிரி இருக்காது. அதுதான் விஷயம்.